சுருள் விழுந்த நூல்

கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஸ்வெட்டரை, தேவாலயக் கூடத்துச் சமையலறையில் நின்றபடி ஹல்டோரா பிரிக்க ஆரம்பித்தாள். அறுபதைத் தாண்டிய பிறகு திருட்டுத்தனம் பழகுவது லேசான காரியமில்லை.

ஸ்வெட்டர் ஸ்வாலாவுடையது. போன குளிர்காலத்தில் ஊருக்குக் குடிவந்த மீன்பிடிக்காரன் மனைவி. அகதி முகாம் பிள்ளைகளுக்காகப் பின்னும் இந்தக் குழுவில் சேர்ந்ததிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. பின்னல்தான் மீன்வலை மாதிரி தொளதொளவென்று இருக்கும்.

இதைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை கூடாரத்தில் எப்படித் தூங்கும்? நேரில் சொன்னால் அந்தப் பெண் மனசு ஒடிந்து, குழுவுக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். ஹல்டோராவுக்கு அவளைப் பிடிக்கும். அதனால் ஸ்வாலா பின்னியதைக் கமுக்கமாக எடுத்துப் போய், தன் கையால் மறுபடி பின்னிக் குவியலில் சேர்த்துவிடுவாள். ஸ்வெட்டராகக் கொண்டுபோனால் யார் கண்ணிலாவது படும். நூலுருண்டையை யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

ஹல்டோராவின் கை இறுக்கம் ஊரறிந்தது. அவள் பின்னியதை மேசைமேல் வைத்தால் ஆள் இல்லாமலே நிமிர்ந்து உட்காரும். கழுத்துப் பட்டியை இன்னும் ஒரு பிடி இறுக்குவாள். காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று அவளே சொல்லிப் பெருமைப்படுவாள்.

ஒரே ஒரு குறைதான். பொதுக்கூடையில் கைவிட்டால் அடிக்கடி பின்னிப் பிரித்த நூலே வருகிறது, சுருள்கூட நிமிராமல். யாரோ வீட்டுப் பழசைத் தானம் என்று தள்ளிவிடுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொள்வாள்.

பாதி முதுகு பிரிந்திருந்தபோது கதவு திறந்தது. காலியான காபிக் குடுவையோடு ஸ்வாலா நின்றாள்.

ஒளிக்க வழியில்லை. ஹல்டோராவின் கையிலிருந்து நூல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மனசுல வச்சுக்காத, ஸ்வாலா. உன் பின்னல் கொஞ்சம் லூசா இருக்கு. பிள்ளைங்களுக்குக் குளிருமேன்னுதான்…" பெண் இப்போது அழப்போகிறாள் என்று ஹல்டோராவுக்கே கண் கலங்கிவிட்டது.

ஸ்வாலா குடுவையை வைத்தாள். எதிரே உட்கார்ந்து, தரையில் கிடந்த நூலை எடுத்து மளமளவென்று உருண்டையாகச் சுற்றினாள். பழகிய கை.

"நான் சேர்ந்தன்னிக்கே எல்லாரும் கூடிப் பேசி எனக்குன்னு ஒரு வேலை கொடுத்தாங்க. உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

தனக்குத் தெரியாமல் இந்தக் குழுவில் ஒரு வேலையா? ஹல்டோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது என்ன வேலை என்று கேட்டாள்.

ஸ்வாலாவால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்க பின்னினதைப் பிரிச்சு, தலை நுழையிற மாதிரி பின்னுறது."