திருத்தப்பட்ட தாவல்கள்

சினிமாச் சாகசங்களை இயற்பியல் விதிப்படி திருத்திக் காட்டும் டிவி வந்ததிலிருந்து, முன்னாள் கதாநாயகன் இமயவர்மனுக்கு வீட்டில் மரியாதை போயிற்று. மேம்பாலத்திலிருந்து ஹெலிகாப்டரைப் பிடிக்க பைக்கோடு பாய்ந்தவர், இந்த டிவியில் பாதி வழியிலேயே வளைந்து இறங்கிக் கூவத்தில் விழுந்தார். வில்லன் பத்திரமாகப் பறந்துபோனான்.

"அவ்வளவு வசனம் பேசிட்டுப் போய் சாக்கடையிலயா விழுவீங்க?" என்று மனைவி தமயந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என் முதல் படத்தைப் போடு, அப்புறம் பேசு!" என்றார் ரோஷத்தோடு.

போட்டாள். ஒரு மொட்டை மாடியிலிருந்து நடுவிலிருந்த சந்து ஒன்றைத் தாண்டி எதிர் மாடிக்குத் தாவினார். விழவில்லை, படத்தில் இருந்தபடியே போய் இறங்கினார். திரையின் ஓரத்தில் 'திருத்தம் இல்லை, நிஜத் தாவல்' என்று எழுத்து வந்தது.

"பார்த்தியா!" என்று மீசையை முறுக்கினார்.

தமயந்தியின் சிரிப்பு நின்றிருந்தது. "அப்போ கயிறு?"

"எந்தக் கயிறு?"

"நான் வயித்துல புள்ளையோட இருந்தேன். இடுப்புல கயிறு கட்டித்தான் தாவினேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே!"

சோபாவிலிருந்து வாசலுக்கு ஒரே தாவலில் போய்விட முடியுமா என்று இமயவர்மன் கண்ணாலேயே அளந்தார்.