அணைந்த திரை

திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றின் கணினிக்கூடத்தில் பிற்பகல் வெயில் திரைகளின் மேல் பட்டுக் கண் கூசுகிறது. கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கி, இப்போது கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கும் மலர்விழி, மாணவிகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறாள். “மேடம், புரோகிராம் ஓட மாட்டேங்குது” என்கிறாள் கலைப்பிரியா. திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு வரிகள். மலர்விழிக்கு ஒன்றும் புரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. “ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணும்மா.” திரை அணைகிறது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது, கலைப்பிரியா மதியமெல்லாம் எழுதி, இன்னும் சேமிக்காமல் வைத்திருந்தது அங்கே இல்லை. “பரவால்ல மேடம், திரும்ப அடிச்சிக்கிறேன்.” மலர்விழி பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறாள். காது மடல் சுடுகிறது. “எனக்கு அந்தச் சிவப்பு வரி என்னன்னே தெரியலம்மா” என்கிறாள் மெல்ல. கலைப்பிரியாவின் விரல்கள் தட்டிக்கொண்டே இருக்கின்றன. “உங்களுக்குத் தெரியலன்னு அப்பவே தெரியும் மேடம். நீங்க சொல்லிட்டீங்களேன்னுதான் ஆஃப் பண்ணேன்.”