புதன்கிழமை லீவு

பனிச்சறுக்கு விடுதியில் விருந்தினருக்குச் சமைத்து உபசரிக்கும் வேலையில் ராசலிண்ட் அந்த வாரம்தான் சேர்ந்திருந்தாள்.

"ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று அதட்டினார், விருந்தினர் டெஸ்மண்ட்.

"புதன்கிழமை எனக்கு லீவு சார். எல்லாரும் ஓட்டல்லதான் சாப்பிடணும்."

"திமிரா? உன் வேலைக்கே உலை வைக்கிறேன் பாரு!"

மேலாளர் இமோஜென் ஓடிவந்தாள். "இந்த மலையில எல்லா விடுதியிலயும் இதுதான் சார் வழக்கம்."

வேலை தப்பியது. ராசலிண்ட் நிமிர்ந்து, பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் சாய்த்தாள்.

டெஸ்மண்டின் குரல் இறங்கியது. "உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன், ராஸ். வீட்ல சமையல்..."

இமோஜென் விழித்தாள். "இவரைத் தெரியுமா?"

"என் புருஷன். கல்யாணமானதுலேர்ந்து ஒருநாள் லீவு குடுத்ததில்ல."

வாசலில் நின்று திரும்பினாள். "சீசன் முடியாம வரமாட்டேன், டெஸ்மண்ட். வேணும்னா ஓட்டல்ல ரெண்டு பேருக்கு இடம் பிடிங்க. இன்னைக்கு நான் விருந்தாளி."