வண்டிக்கு ஓர் இடம்

"நாளைக்குச் சாயங்காலம் என் வண்டி உள்ள வரணும். நடு இடத்தைக் காலி பண்ணி வை" என்றார் ராஜாராமன் மகளிடம்.

சாதனா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். கொல்கத்தா டாலிகஞ்ச் வீட்டின் கார் ஷெட்டை அப்பாவிடம் கெஞ்சி வாங்கித்தான் 1997இல் அவள் தன் நவீனக் கலை மையத்தைத் தொடங்கினாள். லாபம் பார்க்காத மையம். ஷெட் போனால் மையமும் போச்சு. மையம் தொடங்கிய நாளிலிருந்து அப்பாவின் அம்பாசடர் தெருவில்தான் நின்றது.

"அப்பா, நாளைக்குத்தான் பத்தாம் ஆண்டுக் கண்காட்சி. மையத்தோட வரலாறு முழுக்க மாட்டி வச்சிருக்கோம்."

"அதுக்குத்தான் சொல்றேன். பத்து வருஷம் பொறுத்தாச்சு."

நடுவிலிருந்த சிற்பங்களைக் கண்கலங்க ஓரம் கட்டினாள்.

மறுநாள் விருந்தினர்கள் விலகி நிற்க, தெருவில் துர்கா பூஜை நடத்தும் கிளப் பையன்கள் தள்ளிக்கொண்டு வர, துருப்பிடித்த அம்பாசடர் உள்ளே நுழைந்தது.

"வரலாறுன்னு சொல்லிட்டு, உங்களுக்காக மழையில நின்னவனை வெளியில விடலாமா?" என்றார் அப்பா, வண்டியைத் தட்டி.

மற்றப் படைப்புகளின் அருகே இருந்ததைப் போலவே ஓர் அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ராஜாராமன் வண்டிக் கண்ணாடியில் ஒட்டினார்.

'படைத்தது: பத்து வருட மழை. விற்பனைக்கு அல்ல.'