தலைமாட்டுச் சத்தம்

விருந்தினர் வருமுன் அவர்கள் கட்டிலில் ஒருதடவை தானே படுத்துப் பார்ப்பது வீட்டுக்காரியின் வழக்கம். மூங்கில் தட்டி வழியே வெயில் பொட்டுப் பொட்டாய் அவள் முகத்தில் விழுகிறது. மெத்தை இலவம்பஞ்சு, விளக்குக்குச் சூரிய மின்சாரம், குளிக்க மழைநீர்; ஒரு குறையும் இல்லை. ஆனால் தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் காதைக் குடைகிறது. "ராத்திரியெல்லாம் பயணம் பண்ணி வர்றவங்க முதல்ல தேடுறது தூக்கத்தைத்தாங்க. அதை நிறுத்துங்க." வாசலில் நிற்கும் கணவர் கைபேசியைக் காட்டுகிறார். "ரோட்டுத் திருப்பத்துக்கு வந்துட்டாங்களாம். மேல்தொட்டி இன்னும் பாதிகூட நிரம்பல." அவள் எழுந்து, விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். "ஏணியைச் சாத்துங்க. மீதியைக் குடத்துல சுமந்து தொட்டியில ஊத்திடலாம்." வெளியே போய் அவளே மோட்டாரை அணைக்கிறாள். அந்த அமைதியில், அவர் ஏணியை இழுத்துவரும் சத்தம் துல்லியமாகக் கேட்கிறது.