ராஜாவின் கடைசி ஆசை

வரலாறு இல்லாத ஊருக்குத் தார்ச்சாலை கிடையாது என்று அறிவிப்பு வந்ததும், வரலாறு எழுதும் எந்திரத்தை ஊர் ஊராக அனுப்பினார்கள். சில்லாம்பட்டியில் இருந்தது பதினோரு வீடு, ஓர் ஓடை, மிச்சமெல்லாம் செம்மண் காடு. எந்திரம் அசரவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மாமன்னர் செங்கதிர்மாறன் போரில் விழுந்து அடக்கமான வீரபூமி என்று எழுதிவிட்டது. ஊர் ஆண்களுக்கு அன்று முதல் நடையே மாறிவிட்டது.

அடக்கமான இடம் உலகம்மாளின் கடலைக்காடு. அங்கே இனி ஏர் ஓட்டக்கூடாது என்று தடை போட்டார்கள். மழை பெய்து மண் விதைப்புக்குப் பதமாகக் கிடந்தது.

"எழுதுனத அழிச்சிருங்கய்யா" என்று எந்திரத்திடம் போய்க் கேட்டாள் உலகம்மாள்.

"வரலாற்றை அழிக்க முடியாதம்மா, சேர்க்கலாம். மன்னரைப் பற்றி உங்கள் முன்னோர் ஏதாவது சொன்னதுண்டா?"

அவள் தன் காட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"சாகும்போது, 'வருசா வருசம் எம்மேல கடலை வெதைங்கடா'ன்னு சொன்னாராம்."

மறுநாளே உத்தரவு வந்தது. மன்னரின் இறுதி விருப்பத்தை மீறி அந்த நிலத்தைத் தரிசாகப் போடுவது தண்டனைக்குரிய குற்றம்.

விதைப்பு முடிந்து வரப்பில் உட்கார்ந்தபோதுதான் அவள் புருசன் சங்கிலிக்குக் கவலை வந்தது.

"ஏட்டி, அடுத்த வருசம் பருத்தி போடணும்னா என்ன செய்யதுக்கு?"

"அந்த மனுசன் பொட்டுன்னா போனாரு? நாள்கணக்கா இழுத்துக்கிட்டுல்லா கெடந்தாரு. நெறையப் பேசியிருப்பாரு."