ஆறு புகார்

"சேவ் ஆகலேன்னாலும் சேவ் ஆயிடுச்சுன்னு பச்சை டிக் காட்டுது. இதை வச்சு மனுஷன் வேலை செய்வானா?" என்று பொருமினாள் பக்கத்து சீட்டுக்காரி.

அவள் திட்டியது எங்கள் கம்பெனியே உருவாக்கிய புரோகிராமிங் தளத்தை. அதன் குறைகளைப் புட்டுப்புட்டு வைத்து, ஆபீஸ் புகார்ப் பக்கத்தில், அதில் வேலை செய்யும் எங்கள் டீம் ஆறு பேரும் பெயர் போட்டே எழுதி ஒரு வாரமாகிறது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லிஃப்ட் கதவு திறந்தால்கூட டைரக்டரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

இன்று டைரக்டர் ஆறு பேரையும் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம சீட்டு கிழிஞ்சுது. வீட்டுல கைக்குழந்தை வேற" என்று முனகினான் எதிர் சீட்டுத் தாடிக்காரன்.

உள்ளே போனால், டைரக்டர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

"மூணு வருஷத்துல ஒரு புகார்கூட வரல! அதனால மத்த மென்பொருளையெல்லாம் நிறுத்திட்டோம். நாளையிலேர்ந்து எல்லாரும் நம்ம தளத்துலதான் வேலை செய்யணும்."

"சார், போன வாரம்தானே ஆறு பேரும் புகார்ப் பக்கத்துல எழுதினோம்!" என்று பதறினேன்.

"அந்தப் பக்கமே நம்ம தளத்துல செஞ்சதுதான். எழுதியிருந்தா எனக்கு வராமப் போயிடுமா?"

"இல்ல சார், அனுப்பினதும் பச்சை டிக் வந்துச்சே..." என்று ஆரம்பித்த பக்கத்து சீட்டுக்காரி, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டாள்.